அக்கா வீட்டில் திரித்த பால்

பிரான்சில் நான் வேலை செய்யும் சின்ன உணவகத்தில், வெயில் தலைகாட்டிவிட்டால் முதலாளியம்மா அடுப்புப் பக்கமே போகமாட்டார். குளிர்காலம் முழுக்கக் கொதிக்கக் கொதிக்கத் தின்ற ஜனம், ஜூனில் சில்லென்று ஒரு தட்டுக்குக் காத்திருக்கும். வேகவைத்து ஆறவைத்த பீட்ரூட், மேலே அங்கேயே திரித்து உதிர்த்த வெள்ளாட்டுப் பால் சீஸ், நாலு கீரை இலை, எண்ணெய், எலுமிச்சை. சாலாத் என்பார்கள். முதன்முதலில் பார்த்தபோது யாரோ சமைக்க மறந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். ஒன்பது வருடம் ஓடிவிட்டது. இன்று அந்தத் தெருவில் இதை என்னளவுக்குச் செய்ய ஆளில்லை. தற்பெருமைதான், இருக்கட்டும்.

உத்திரமேரூர்ப் பக்கம் ஆடு வளர்க்கும் என் அக்காவுக்கு இதில் ஒரு பெருமையும் தெரியவில்லை. அம்மா போனபின் என்னை ஆளாக்கியவள் அவள். என் வேலையை ஒருமுறை போனில் விளக்கினேன். "அடுப்பே பத்த வைக்காம இன்னாடா சமையலு? காய் அரியறதுக்கா ப்ளேன் ஏறிப் போன?" என்றாள். அன்றிலிருந்து ஊரில் கேட்பவர்களுக்கெல்லாம் நான் ஓட்டல் மேனேஜர். எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது. இந்தச் சித்திரையில் லீவில் வந்தபோது, அவள் வாயாலேயே சமையல்காரன் என்று சொல்லவைக்காமல் திரும்புவதில்லை என்று முடிவு கட்டியிருந்தேன்.

வாலாஜாபாத்தில் பீட்ரூட் வாங்கினேன். அக்காவிடம் ஆட்டுப் பால் கேட்டேன். "குட்டிங்க குடிச்சது போவ மிச்சத்தக் கறந்துக்கோ. யாருக்குச் சளி?" என்றாள். எங்கள் பக்கம் வெள்ளாட்டுப் பால் மருந்துக்குத்தான். பாலைச் சூடாக்கி, எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தேன். பால் திப்பி திப்பியாகத் திரிந்தது. பின்னால் வந்து நின்ற அக்கா அலறிவிட்டாள்.

"அடப்பாவி, வெள்ளிக்கெயமயும் அதுவுமா வூட்டு அடுப்புல பாலத் திரிய வைக்கிறியே!"

பால் தானாகத் திரிந்தாலே என்ன கெடுதல் வருமோ என்று மனசு அடித்துக்கொள்ளும் வீடு அது. அங்கே நான் வேண்டுமென்றே திரித்திருக்கிறேன். அவள் திட்டியதுகூடப் பெரிதில்லை. இப்படியொரு சகுனம் இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. அது வலித்தது.

சூடம் கொளுத்தி அடுப்பைச் சுற்றிக் காட்டிவிட்டு, பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டுபோய் வேப்பமரத்தடியில் வைத்தாள். கொட்டிவிடுவாள் என்று பயந்தேன். கொட்டவில்லை. "கெடுக்கறதுன்னா வெளிய வச்சிக் கெடு. வூட்டுக்குள்ள வாணாம்," என்று வடிகட்டத் துணியும் எடுத்துக் கொடுத்தாள்.

வடிந்த சீஸை உப்புப் போட்டு உதிர்த்து, பீட்ரூட் மேல் தூவி, புதினாவும் வறுத்த வேர்க்கடலையும் சேர்த்துத் தட்டை நீட்டினேன். அக்கா ஒரு வாய் போட்டு நெடுநேரம் மென்றாள். "உப்பு பத்தல," என்றாள். தானே உப்பைத் தூவிக்கொண்டாள். தட்டு பாதி காலியாயிற்று.

பக்கத்து வீட்டு கமலா வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "இன்னாக்கா, தட்டுல ரத்தமாட்டம் கீது?"

"பீட்ரூட்டு. தம்பி பண்ணான். அங்க ஓட்டல்ல சமையல்காரன்."

"மேனேஜர்னு சொன்ன?"

"அத்த வுடு. மேனேஜருக்கு இதெல்லாம் செய்ய வருமா?" என்று விரலை நக்கினாள் அக்கா.

மே மாதத்தில் வேலைக்குத் திரும்பினேன். முதல் நாளே பாலைச் சூடாக்கி, எலுமிச்சம்பழத்தை அரிந்தபின் கை ஓடவில்லை. பாத்திரத்தைப் பின்வாசலுக்கு வெளியே கல்மேல் இறக்கிவைத்து அங்கே பிழிந்தேன். முதலாளியம்மா எட்டிப் பார்த்து, உள்ளே புழுக்கமா என்றார். சகுனத்தைச் சொல்ல அவர்கள் மொழியில் வார்த்தைக்கு எங்கே போவேன்? ஆமாம் என்றேன். மறுநாள் பின்வாசலில் எனக்காக ஒரு மின்விசிறி வைத்திருந்தார். இன்னும் குளிர் போகவில்லை. விசிறிக் காற்றில் வெடவெடத்துக்கொண்டு, அக்காவின் வீட்டுக்கு வெளியே நின்று பால் திரிக்கிறேன்.