கதவுக்கு உள்பக்கம்

ஹெலீன் பெர்க்கின் வகுப்புக்கும் என் எபிரேய வகுப்புக்கும் நடுவே மெல்லிய தடுப்புதான். கிளீவ்லண்டில் எங்கள் யூதப் பள்ளியை முடித்துக் கல்லூரிக்குப் போகிறவர்கள், அதற்கு முன் அவரிடம் ஒரு பருவம் படிக்க வேண்டும். யூதர் என்பதற்காக யாராவது வம்புக்கு இழுத்தால் என்ன செய்வது என்பதுதான் பாடம். எதிராளியாக அவரே நிற்பார்.

"உங்க ஆளுங்க கையிலதானே எல்லா பேங்கும் இருக்கு?"

"ஆமா மிஸ், எங்கப்பா சாவியத் தொலைச்சுட்டுத் தேடிட்டிருக்காரு" என்பான் ஈதன்.

"சிரிச்சது போதும். இப்ப நிஜமா பதில் சொல்லு."

கல்லூரிக் காலம் முழுக்கத் தன் கழுத்துச் சங்கிலியில் தொங்கிய யூத நட்சத்திரத்தைச் சட்டைக்குள்ளேயே வைத்திருந்தவர் ஹெலீன். கடைசி வகுப்பில் ஆளுக்கொரு மெசூசா தருவார். வேத வசனச் சுருளை உள்ளே வைத்து நாங்கள் கதவு நிலையில் பதிக்கும் சின்னக் குழல் அது. விடுதியில் ஆணி அடிக்க விடமாட்டார்கள் என்பதால், இருபக்கமும் ஒட்டும் டேப்பும் சேர்த்துத் தருவார். "அறைக்கு உள்பக்கமா ஒட்டுங்க. வெளியே ஒட்டி வம்பை விலைக்கு வாங்காதீங்க."

சென்ற நவம்பர் விடுமுறையில் டாலியா என்ற பழைய மாணவி வந்தாள். ஆசிரியர் அறையில் நானும் இருந்தேன்.

"எங்க ஹாஸ்டல் மாடியில பெத்னு ஒருத்தி, மிஸ். மெசூசாவை வெளியே ஒட்டியிருந்தா. ரெண்டு தடவை பிச்சுப் போட்டாங்க. படிப்பை விட்டுட்டு ஊருக்கே போயிட்டா."

"நல்லவேளை, நீ உள்ள..."

"அவ பெட்டியத் தூக்க உதவி பண்ணேன். அப்பதான் என் ரூமுக்குள்ள வந்து என்னோடதைப் பாத்தா. 'இங்க நான் ஒருத்திதான்னு நினைச்சேனே, தெரிஞ்சா உன் கதவைத் தட்டியிருப்பேனே'ன்னா." டாலியா தலையைக் குனிந்துகொண்டாள். "தினமும் அவ கதவைத் தாண்டித்தான் போவேன். நின்னு பேசினா நானும் யூதப் பொண்ணுன்னு தெரிஞ்சுடும்னு நிக்கவே இல்ல."

"அதைச் சொல்லிக்கொடுத்தது நான்தானே" என்றார் ஹெலீன்.

பெத்தின் போன் எண்ணை வாங்கி ஒருமுறை பேசினார். அந்தப் பெண் மரியாதையாகத்தான் பேசினாளாம். கல்லூரிக்குத் திரும்பிப் போகப் போவதில்லை என்றாளாம். அதன்பின் பல வாரம், தடுப்புக்கு அந்தப்பக்கம் எதிராளியின் குரலே கேட்கவில்லை.

மே மாதம் கடைசி வகுப்பு வந்தது. மெசூசாக்களைக் கொடுத்து முடித்ததும் ஈதன் முந்திக்கொண்டான். "உள்பக்கம்தானே, மிஸ்?"

ஹெலீன் பெத்தின் கதையைச் சொன்னார். தான் சொல்லிக்கொடுத்ததையும் விடவில்லை.

"அப்ப வெளியேவா?"

"வெளியே ஒட்டினா பிச்சுப் போடுவாங்க, அதுவும் நிஜம். இங்கதான் ஒட்டணும்னு சொல்ற வாய் எனக்கு இனிமே இல்ல. ஆனா வேற கதவுல ஒண்ணைப் பாத்தா அன்னிக்கே போய்த் தட்டுங்க."

"என் கதவை யாரு தட்டப் போறா, பீட்சாக்காரனைத் தவிர?"

ஒருவரும் சிரிக்கவில்லை.

"உன்னைத்தான் போய்த் தட்டச் சொன்னேன், ஈதன்" என்றார் ஹெலீன்.