இரண்டு டிவிஷன், ஒரு வடம்

போன சனிக்கிழமை சாயங்காலம் முதல் என்னால் ஊருக்குள் தலைகாட்ட முடியவில்லை.

சாயாக்கடையில் ஒருவர், “நீ மலையாளத்துக்காரன் ஆளாக்கும்” என்கிறார். நாலு கடை தள்ளி இன்னொருவர், “தமிழ்க் கட்சிக்கு விசில் ஊதின ஆளு வாறாரு, வழி விடுங்கலே” என்கிறார். வீட்டிலோ மூன்றாவது கட்சி. வேட்டியில் ஒட்டிய செம்மண் எத்தனை முறை அடித்துத் துவைத்தாலும் போகவில்லையாம்.

எல்லாம் ஒரு விசிலால் வந்த வினை. சொல்கிறேன்...

எங்கள் ஊர் பாறசாலைக்கும் பொழியூர்க் கடற்கரைக்கும் நடுவில் இருக்கிறது. பாஷை பார்த்து ராஜ்யம் பிரிக்கப் போகிறார்களாம்; எல்லை எங்கே வரும் என்று பேப்பர்காரர்கள் வாரத்துக்கு ஒரு படம் போடுகிறார்கள். ஒரு வாரம் நாங்கள் இந்த ராஜ்யம், மறு வாரம் அந்த ராஜ்யம். பேப்பரில் பத்தி எழுதிய நேரம் போக நான் நடத்துகிற சைக்கிள் கடை மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது.

இந்த ஊரில் ஒரு சர்க்கார் பள்ளிக்கூடம். ஒரே கூரை, நடுவில் ஓலைத் தட்டி. தட்டிக்கு இந்தப் பக்கம் தமிழ் டிவிஷன், அந்தப் பக்கம் மலையாளம் டிவிஷன். செல்லத்தங்கம் டீச்சர் இந்தப் பக்கம் நின்று “எட்டேழு எவ்வளவு?” என்று கேட்பார். இங்கே எல்லோரும் கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, தட்டிக்கு அப்பாலிருந்து “அம்பத்தியாறு!” என்று ஒரு குரல் வரும்.

“எலே, உங்கிட்ட ஆரு கேட்டா?” என்பார் டீச்சர். “சரியா டீச்சரே?” என்று குரல் திரும்பக் கேட்கும். சரிதான். சரி என்றால் சரி என்று சொல்லித்தானே ஆகவேண்டும்?

ஹெட்மாஸ்டர் குமாரபிள்ளை சாருக்கு வீட்டில் பேசுவது மலையாளம். ஊரில் ஊர்வலம் போகிற நாட்களில் அவரும் டீச்சரும் கல்பாலத்தில் வந்து நிற்பார்கள். இரண்டு டிவிஷன் பிள்ளைகளையும் கோழிக்குஞ்சு ஓட்டுகிற மாதிரி ரோட்டைத் தாண்ட விடுவார்கள். எதிரே கோஷம் போட்டுக்கொண்டு ஒரு கூட்டம் வரும். சார் குடையைக் குறுக்கே நீட்டி, “ஆத்யம் பிள்ளைங்ங, பின்னே ஜாதா” என்பார். பிள்ளைகள் தாண்டும்வரை ஊர்வலம் நின்றுவிடும். கொடி எந்த நிறமானாலும் சரி, அந்தக் குடையைத் தாண்டிய கட்சி இதுவரை கிடையாது.

இப்படிப்பட்ட பள்ளிக்கூடத்துக்குத்தான் போன மாதம் ஆபத்து வந்தது — ஒரு மாங்காய் ரூபத்தில்.

ஒரே மாங்காய், இரண்டு பையன்கள். உருண்டார்கள். ஒருவன் இந்த டிவிஷன், மற்றவன் அந்த டிவிஷன். மறுநாள் இருவரும் சேர்ந்து இன்னொரு மாங்காய் அடித்தார்கள், அது வேறு கதை. அதற்குள் யாரோ ஒரு புண்ணியவான், ‘பள்ளிக்கூடத்தில் பாஷைக் கலவரம்’ என்று மேலிடத்துக்கு எழுதிப் போட்டுவிட்டார்.

மாங்காய்க்கு ஏது பாஷை?

ஸ்கூல் இன்ஸ்பெக்டர் வந்தார். மெலிந்த, சிரிக்காத மனிதர். இன்னொரு சண்டை காதில் விழுந்தால் தமிழ் டிவிஷனைப் பிரித்து, நாலு மைல் தள்ளி உள்ள வேறு ஸ்கூலோடு சேர்த்துவிடப் போவதாகச் சொன்னார். ஆண்டு விழாவுக்கு அவரே நேரில் வந்து பார்த்து ரிப்போர்ட் எழுதுவாராம்.

“நாலு மைலு ஒண்ணாம் கிளாஸுப் பிள்ள நடக்குமா அண்ணே?” என்றார் டீச்சர் என்னிடம். சைக்கிளுக்குக் காற்றடிக்க வந்தவர், பம்பை மறந்துவிட்டு நின்றார். “பாதிப் பிள்ளைய வீட்டிலயே இருந்திரும். பொறவு நான் ஆருக்குப் பாடம் எடுக்க? தட்டிக்கா?”

ஆண்டு விழாவில் பாட்டு உண்டு, பேச்சு உண்டு. கடைசி ஐட்டம் வடமிழுப்பு. தமிழ் டிவிஷனுக்கும் மலையாளம் டிவிஷனுக்கும் வருஷா வருஷம் நடப்பதுதான். யார் ஜெயித்தார்கள் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. இந்த வருஷம்? மத்தியானமே இரண்டு கட்சிக்காரர்களும் வந்து, மைதானத்தில் ஆளுக்கொரு பக்கம் இடம் பிடித்துவிட்டார்கள்! எல்லைத் தகராறு அன்று சாயங்காலத்தோடு அங்கேயே தீர்ந்துவிடும் என்கிற மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

வடமிழுப்பை நிறுத்தினால் ‘பயந்துவிட்டார்கள்’ என்று ஒரு சண்டை. நடத்தினால் தோற்றவன் ஒரு சண்டை. குமாரபிள்ளை சார் வியர்த்துப்போய் என்னிடம் வந்தார்.

“அண்ணாச்சி, நிங்ஙள் விசில் ஊதணும்.”

“நானா? ஏன் சார்?”

“ரெண்டு பார்ட்டிக்காரும் ஒருபோலே நம்பாத ஆளு, இந்நாட்டில் நிங்ஙள் மாத்ரமே உள்ளூ.”

பத்தி எழுதுகிறவனுக்கு இதைவிடப் பெரிய பாராட்டு கிடைக்குமா? வாங்கிக்கொண்டேன். விசிலையும்தான்.

வடம் பொழியூரிலிருந்து வந்தது. மீன்பிடிக்கிற மரியதாசன் தன் கரமடிக் கயிற்றைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். கரமடி என்றால், கடலில் வலையை வளைத்துவிட்டுக் கரையில் நின்று கயிற்றால் இழுப்பது. அவருடைய மகள் பிரிஜித்தா தமிழ் டிவிஷன், மகன் லாசர் மலையாளம் டிவிஷன்.

“அதென்ன ஓய், வீட்டுக்குள்ளேயே ரெண்டு டிவிஷன்?” என்றேன்.

“எந்த ராஜ்யம் வந்தாலும் வீட்டுல கடுதாசி வாசிக்க ஒரு ஆளு வேணும் இல்லியா?” என்றார். நம் தலைவர்கள் யாருக்காவது இந்தத் தூரப்பார்வை உண்டா?

பிள்ளைகள் இரண்டும் நல்ல பலம். அதனால் இந்தக் கோடியில் கடைசியாகப் பிரிஜித்தா, அந்தக் கோடியில் கடைசியாக லாசர். இரண்டு பேருக்கும் முன்னால் அவரவர் டிவிஷன் பிள்ளைகள். அதில் பாதிப் பேர் கடற்கரைப் பிள்ளைகள். நடுவில் ஒரு கைக்குட்டை கட்டி, அதற்கு நேரே தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டிருந்தது. வடத்தின் ஒரு கோடிக்கு நேர் பின்னால், கொஞ்சம் தள்ளி, இன்ஸ்பெக்டரின் மேஜை. மேஜைமேல் சோடா, நோட்டுப் புத்தகம், திறந்து வைத்த பேனா.

ஊதினேன்.

முதல் இழுப்பிலேயே தமிழ் டிவிஷன் மூன்று அடி பின்னால் போனது. ஒரு பக்கம் ஆரவாரம். இன்னும் இரண்டடி போனால் கதை முடிந்தது. அப்போது பிரிஜித்தா என்ன செய்தாள்? வடத்தை விட்டாள். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முன்னால் ஓடினாள். கைக்குட்டைக்குப் பக்கத்தில் போய் மறுபடியும் பிடித்தாள்!

கடைசி ஆள் போனதும் பிடி தளர்ந்தது. மலையாளம் டிவிஷன் இழுத்தது. நாலடி போயிருக்கும்... அங்கே லாசர் வடத்தை விட்டான். முன்னால் ஓடினான். பிடித்தான்.

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. கரமடி இழுக்கும்போது அதுதான் வழக்கம். கயிறு கரைக்கு வர வர, கடைசியில் நிற்கிறவர் அதை விட்டுவிட்டு, அலையோரத்துக்கு ஓடி முன்னால் பிடிப்பார். பிறந்தது முதல் கயிறு என்றால் அதுகளுக்கு அது ஒன்றுதான். யார் ஜெயிக்கத் தொடங்கினாலும், அந்தப் பக்கத்துக் கடைசி ஆள் ‘என் முறை முடிந்தது’ என்று முன்னால் ஓடிவிடுகிறது! அதைப் பார்த்து அடுத்தது. அடுத்தது. வடம் போகிறது, வருகிறது, போகிறது, வருகிறது. யாரும் ஜெயிக்கவும் இல்லை, தோற்கவும் இல்லை.

“எலே, நில்லுங்கலே!” என்று செல்லத்தங்கம் டீச்சர் தொண்டை கிழியக் கத்துகிறார். “மக்களே, அவிடெ நில்லடா!” என்று ஹெட்மாஸ்டர் குடையோடு ஓடுகிறார். ஓடிய வேகத்தில் பிள்ளைகள் கைக்குட்டையைத் தாண்டியும் பிடிக்கத் தொடங்கிவிட்டன. பிரிஜித்தா மலையாளம் டிவிஷனில் நிற்கிறாள். லாசர் தமிழில் நிற்கிறான். நான் விசிலை ஊதுகிறேன்... எதற்கு ஊதுகிறேன் என்று எனக்கே தெரியாது.

கூட்டத்திலிருந்த பொழியூர்க்காரர்களால் எவ்வளவு நேரம்தான் சும்மா நிற்க முடியும்? ஒரு கயிறு இழுபட்டு வராமல் கிடப்பதை அவர்கள் வாழ்க்கையில் பார்த்ததே இல்லை. மரியதாசன்தான் முதலில் பொறுமை இழந்தார்.

“கர இஞ்சயாக்கும் மக்கா! எல்லாரும் இந்தப் பக்கமா வலியுங்கலே!” என்று பாய்ந்து வடத்தைப் பிடித்தார். பின்னாலேயே பத்துப் பேர். “ஏலோ... ஏலேலோ!” தமிழ் டிவிஷன், மலையாளம் டிவிஷன், மீன்காரர், பியூன், சமாதானம் பேச உள்ளே போன நான் — எல்லோரும் ஒரே திசையில் இழுக்கிறோம்.

எதிர்ப்பக்கம் ஆளே இல்லாத வடம் என்ன செய்யும்? வந்தது. மொத்தமாக மல்லாந்தோம். எங்கே? இன்ஸ்பெக்டர் மேஜைமேல்.

தூசி அடங்கியது. சோடா இன்ஸ்பெக்டரின் மடியில். பேனா யார் முதுகிலோ. குமாரபிள்ளை சார் குடையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். நாலு மைல் ரோடு அந்த இமைக்குள் ஓடியிருக்கும்.

அதற்குள் கட்சிக்காரர்கள் எழுந்துவிட்டார்கள். “ஜெயிச்சது நாங்கதான்!” “எந்து? ஞங்ஙளா ஜயிச்சது!” இரண்டு பக்கமும் கையை ஓங்கிக்கொண்டு வந்தது. வந்தவர்கள் மண்மேடு மாதிரி குவிந்து கிடந்தவர்களைப் பார்த்தார்கள். நாற்பது பிள்ளைகள், ஒரே செம்மண் நிறம், ஒரே சிரிப்பு. எது எந்த டிவிஷன்? யாருக்காக யாரை அடிப்பது? ஓங்கிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் ஒருவர் தலையைச் சொறிந்தார்.

இன்ஸ்பெக்டர் எழுந்தார். காலடியில் கிடந்த பிரிஜித்தாவைக் கை கொடுத்துத் தூக்கினார்.

“நீ பின்னால நின்ன குட்டியல்லே? எந்தினா முன்னால வந்தது?”

“பொறவுல நிக்கவ முன்னால வராண்டாமா சார்?” என்றாள் அவள், இதுகூடத் தெரியாதா என்கிற மாதிரி. “பின்ன வல எப்பிடிக் கர ஏறும்?”

இன்ஸ்பெக்டரின் மீசை ஒரு ஓரத்தில் துடித்தது. பிறகு மறு ஓரத்தில். பிறகு அந்த மனிதர் சிரித்தார் பாருங்கள்... இத்தனை வருஷம் சேர்த்து வைத்திருந்தாரோ என்னவோ, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

ஹெட்மாஸ்டர் மெதுவாகப் பக்கத்தில் போய், “சாரே... அந்த ரிப்போர்ட்டு?” என்றார்.

“எழுதாம்” என்று நோட்டைத் திறந்தார் இன்ஸ்பெக்டர். “ஆத்யம் நிங்ஙள் பறயூ, இதில் தமிழேது, மலையாளமேது?”

ஹெட்மாஸ்டர் பார்த்தார். டீச்சர் பார்த்தார். நானும் பார்த்தேன். மூன்று பேரும் உதட்டைப் பிதுக்கினோம்.

“பின்னே ஞான் எங்ஙனே பிரிக்கும்?” என்றார் இன்ஸ்பெக்டர், நோட்டை மூடிக்கொண்டே.

செல்லத்தங்கம் டீச்சர் அப்போதுதான் மூச்சு விட்டார். திங்கட்கிழமை வழக்கம்போல மணி அடித்தது.

எல்லை போட வரப்போகிற பெரிய மனிதர்களுக்கு என் யோசனை ஒன்றே ஒன்று. கோடு தாராளமாகப் போடுங்கள் — ஆனால் அளக்கிற கயிற்றை மட்டும் பொழியூர்ப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிடாதீர்கள்!