முதல் தடவையே சரி சொன்னவள்

மலைமேல் இருக்கும் நாயுடுபுரத்தில் எங்கள் கிறிஸ்தவ சபைக்கு அச்சடித்த சட்டப் புத்தகம் ஒன்று உண்டு. அதை யாரும் படித்ததில்லை. படிக்காமலே எல்லோருக்கும் தெரிந்த சட்டங்கள் வேறு. அவற்றில் தலையாயது, பதவி கொடுத்தால் உடனே வாங்கிக்கொள்ளக் கூடாது. முதல் தரம் கேட்டால், "எனக்கு என்னங்க தகுதி இருக்கு?" என்று சொல்ல வேண்டும். இரண்டாம் தரம் முட்டுவலியையோ வீட்டுச் சோலியையோ காட்ட வேண்டும். மூன்றாம் தரம் தலையைக் குனிந்துகொண்டால் சம்மதம் என்று அர்த்தம்.

எங்கள் செயலாளர் இதில் கைதேர்ந்தவர். பூண்டு வியாபாரி. வருடா வருடம் இரண்டு தரம் மறுத்து, மூன்றாம் தரம் கண் கலங்கி ஏற்றுக்கொள்வார். ஞாயிற்றுக்கிழமை வெள்ளனே வந்து கோயிலைத் திறந்து மணியடிப்பவரும் அவர்தான். மனைவி தவறிய பிறகு அவருக்கு அந்தச் சாவிக்கொத்துதான் துணை. அது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

புதிதாக வந்த போதகருக்குத் தெரியாது. மலைக்குக் கீழே வெயிலில் வளர்ந்தவர். குரங்குக் குல்லாவும் இரண்டு ஸ்வெட்டருமாக வருடாந்தரக் கூட்டத்தில் நடுங்கிக்கொண்டிருந்தார்.

"செயலாளரா அண்ணனே தொடர்றீங்களா?"

"வேண்டாங்கய்யா. வயசாகிப் போச்சு. வேற யாருக்காவது குடுங்க."

"நல்லது. அண்ணனோட ஊழியத்துக்கு நன்றி சொல்லி ஜெபிப்போம்."

எல்லோரும் கண்ணை மூடிவிட்டோம். ஜெபத்துக்கு நடுவில் யார் வாயைத் திறப்பது? அதற்கும் ஒரு சட்டம் உண்டே. போதகர் செயலாளருடைய உழைப்பையெல்லாம் ஆண்டவருக்கு விவரித்து, இனிவரும் ஓய்வையும் ஆசீர்வதிக்கக் கேட்டார். முடிவில் எல்லோரையும்விடச் சத்தமாக ஆமென் சொன்னது பாவம், அவர்தான். பழக்கதோஷம்.

அடுத்து போதகரின் பார்வை, டீ டம்ளர்களை எடுத்துக்கொண்டிருந்த என்மேல் விழுந்தது. "டீச்சரம்மா, நீங்க பாக்குறீங்களா?"

"சரிங்க" என்றேன்.

கூட்டமே என் பக்கம் திரும்பியது. அத்தனை வருடமும் அந்தக் கமிட்டிக்கு டீ ஊற்றியவள் நான். எனக்கு ஆசை இருந்தது, வாய் முந்திக்கொண்டது. அதற்காக இன்றுவரை வெட்கப்படவில்லை. ஆனால் பழைய செயலாளர் சாவிக்கொத்தை மேசைமேல் வைத்துவிட்டு, குடையை மறந்து மழையில் நடந்து போனதை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிறு கோயிலைத் திறக்கப் போனேன். கேட் பக்கத்தில் அவர் எனக்கு முன்பே வந்து நின்றார்.

"சும்மா நடந்து வந்தேம்மா" என்றார்.

சாவிக்கொத்தை அவர் கையிலேயே கொடுத்துவிட்டேன். அந்த வருடம் முழுக்க நான் கடிதம் எழுதினேன், அவர் கதவு திறந்தார்.

மறுவருடக் கூட்டத்தில் போதகர் கேட்டார். "டீச்சரம்மா, தொடர்றீங்களா?"

தொடரத்தான் ஆசை. ஆனால் ஒரு வருடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்த தோஷம், "எனக்கு என்னங்கய்யா தகுதி இருக்கு?" என்று வந்துவிட்டது. சொல்லி முடித்த பிறகுதான் போன வருடக் கூட்டம் நினைவுக்கு வந்தது.

"நல்லது" என்றார் போதகர். "ஜெபிப்போம்."

எல்லோரும் கண்ணை மூடினார்கள். நானும்தான், வேறு வழி?

"ஐயா, கண்ணத் தொறங்க."

திரும்பிப் பார்த்தேன். பழைய செயலாளர் சாவிக்கொத்தோடு எழுந்து நின்றார்.

"அந்தம்மாவ இன்னும் ரெண்டு தரம் கேக்கணுங்க" என்றார். "என்னயவும் கேட்டிருக்கணும்."