அக்காவுக்கு ஒரு 'நோட்டட்'

பதின்பருவத்தினருக்கான நாவல் ஒன்றை இன்று ஒரே மூச்சில் படித்து முடித்தேன். ஒரே அறையில் வளர்ந்த அக்காவும் தம்பியும், சண்டை எதுவும் இல்லாமலேயே, பேச்சைக் குறைத்துக்கொண்டே போகிற கதை. சின்னப் பிள்ளைகளுக்காக எழுதியதாம். நல்ல வேடிக்கை.

உடனே நான் வசிக்கும் இந்த வியட்நாம் நகரத்தின் நடுப்பகுதியான டிஸ்ட்ரிக்ட் 1-இல் உள்ள புத்தகக் கடைக்குப் போய் என் தம்பிக்கும் ஒன்று வாங்கினேன்.

"சி, கிஃப்ட் பேப்பர் சுத்தித் தரட்டுமா?" என்றாள் கடைப் பெண். வியட்நாமியர்களுக்கு 'சி' என்றால் அக்கா.

"சுத்தும்மா. இதே ஊர்ல, பூ மி ஹங்ல இருக்கற என் தம்பிக்கு."

"இவ்ளோ பக்கத்துலயா? அப்ப நேத்துதான் பாத்திருப்பீங்க!"

பாவம், விவரம் தெரியாத பெண்.

வெளியே வந்து தம்பிக்குச் செய்தி அனுப்பினேன்: "உனக்கு ஒரு புக் வாங்கியிருக்கேன்டா. எப்ப வர்ற?"

பதில் உடனே வந்தது: "நோட்டட் வித் தேங்க்ஸ்."

காபிக்காரர், பைக் டாக்ஸிக்காரர், பழம் விற்கிற பெண் என்று இந்த ஊரே என்னை அக்கா என்கிறது. கூடப் பிறந்தவன் மட்டும் ஆபீஸ் மரியாதை கொடுக்கிறான்.

நாவலை அவசியம் படியுங்கள். பேப்பர் சுற்றிய பிரதி ஒன்று என்னிடம் சும்மா இருக்கிறது. கமெண்டில் முதலில் 'அக்கா' என்று கூப்பிடும் தம்பிக்கு அது இலவசம்.

பூ மி ஹங்கிலிருந்து கூப்பிட்டாலும் சரிதான்.