வெட்டி ஒளித்த ஓரம்

மரக்காணம் உப்பளத்தில் முப்பது வருடம் வேலை பார்த்தவள் நான். என்னை யாரும் ஏமாற்றியதில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வேன்.

ரேஷன் கடையில் துணிக்கும் வரிசை நின்ற எழுபதுகள் அவை. மகளின் பிள்ளைக்காகப் புடவைத் துண்டுகளைக் கையால் ஒட்டுப்போட்டு ஒரு போர்வை சேர்த்தேன். அடித்துணி, இறந்துபோன என் வீட்டுக்காரரின் கடைசி வேட்டி. நடுவில் பஞ்சு வைத்துத் தைக்க, கோட்டக்குப்பத்தில் மோட்டார் தையல் மெஷின் வைத்திருந்த பாய் வீட்டம்மாவிடம் போனேன்.

"பிசிறெல்லாம் வெட்டி, இஸ்திரி போட்டு எடுத்தாங்கம்மா. அடித்துணிய நாலு பக்கமும் ஒரு சாண் அதிகமா வுடுங்க," என்றாள்.

எதற்கு ஒரு சாண்? வெட்டி வைத்துக்கொள்ளத்தானே? அவர் வேட்டியில் ஒரு நூலைக்கூட விட எனக்கு மனமில்லை. ஓரத்தை ஒட்ட வெட்டி என் பெட்டியில் ஒளித்தேன். துணியை மாற்றிவிடுவாளோ என்று மூலையில் சிவப்பு நூல் முடிச்சும் போட்டேன்.

அவள் பிரித்துப் பார்த்தாள். "அதிகம் வுடலியேம்மா? தைக்கத் தைக்க மெஷின் இழுத்துக்கும், பத்தாம பூடும்."

"அவ்ளோதான் துணி," என்றேன்.

நான்காம் நாள் போனதும் முடிச்சைத்தான் தேடினேன். இருந்தது. அதற்கு வெளியே, நான்கு பக்கமும் வேறொரு வெள்ளைத் துணி.

"என் துப்பட்டியில கிழிச்சி ஒட்டிட்டேன். நீங்க துணிக்கு எங்க போவீங்க?" என்றாள். வெளியே கிளம்பும்போது அவள் போர்த்திக்கொள்ளும் துப்பட்டி அது.

கூலியைக் கொடுத்துவிட்டுப் போர்வையை மடித்து எடுத்துக்கொண்டு வந்தேன்.

அவர் நினைவாக அந்த ஓரத்தை எடுத்துப் பார்க்கப் பெட்டியைத் திறப்பேன். ஏதோ நான் திருடி வைத்ததுபோல உடனே மூடிவிடுவேன்.