பார்க்க, திருப்ப, பேச

மகளுக்கு ஏழு மாதமானபோது நான் மறுபடி வேலைக்குப் போகத் தொடங்கினேன். ரிங்லெட் டவுனில் ஒரு சின்ன ஆபீஸ். இணையத்தளங்களுக்கு நிரல் எழுதிக் கொடுப்பது என் தொழில். கணவர் தேயிலை ஃபேக்டரியில் இருப்பதால் எங்களுக்கு எஸ்டேட் லைன் வீடு. பகலில் பக்கத்து வீட்டு அக்கா எங்கள் வீட்டுக்கு வந்து பிள்ளையைப் பார்த்துக்கொள்வார். தொட்டிலுக்கு எதிரே ஒரு கேமரா இருந்தது; தூரத்திலிருந்தே அதைத் திருப்பலாம், அதன் வழியாகப் பேசலாம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் மட்டும் அதைக் கைப்பேசியில் திறந்து பார்ப்பேன். அதற்கு மேல் பார்த்தால் அக்காவைச் சந்தேகப்படுவதுபோல் ஆகிவிடுமோ என்று தயக்கம்.

ஒரு மாலை, பிள்ளையை என்னிடம் கொடுத்துக்கொண்டே அக்கா கேட்டார்: "ஆபீஸ்ல உனக்கு வேலையே இல்லையா லா? தினம் பத்து மணிக்குக் கேமராவத் திருப்பித் திருப்பிப் பாக்குற. நான் என்ன பால் டின்னத் தூக்கிட்டா போய்டுவேன்?"

"நான் மத்தியானம் மட்டுந்தானே அக்கா பாக்குறேன்."

"அப்ப நேத்து ச்சு ச்சுன்னு கூப்ட்டது பேயா? பாப்பா அந்தப் பக்கம் திரும்பிச் சிரிச்சிச்சே."

அவர் சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். உடனே கடவுச்சொல்லை மாற்றினேன். நானே தூக்கக் கலக்கத்தில் எதையாவது அமுக்கியிருப்பேனோ என்றுகூட யோசித்துப் பார்த்தேன்.

மறுநாள் பத்து மணிக்கு ஆபீஸில் கைப்பேசியைத் திறந்து வைத்தேன். எதையும் தொடவில்லை. படம் தானாக நகர்ந்தது. சுவர், காலண்டர், ஜன்னலுக்கு வெளியே பனிமூட்டம், தொட்டில். பிள்ளையின் முகம் நடுவுக்கு வந்ததும் நின்றது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இது என் தொழில். கடவுச்சொல் வேறு, டோக்கன் வேறு. ஒரு செயலி நம் கணக்கைத் தொட அனுமதி கேட்கிறது. நாம் சரி என்று அமுக்குகிறோம். அதற்கு ஒரு டோக்கன், அதாவது ஓர் அனுமதிச்சீட்டு, போகிறது. என்னென்ன செய்யலாம் என்பதும் அதிலேயே அடக்கம். ஒரு மணி நேரத்தில் அது காலாவதியாகும். ஆனால் தானே புதுப்பித்துக்கொள்ள அனுமதி இருந்தால், நாமாகப் போய் ரத்து செய்யும்வரை அது தொடர்ந்துகொண்டே இருக்கும். நான் மாற்றிய கடவுச்சொல்லை அது கேட்கவே கேட்காது.

அனுமதி கொடுத்த செயலிகளின் பட்டியலைத் திறந்தேன். ஒன்றே ஒன்று இருந்தது, தொலைக்காட்சியில் பார்ப்பதற்கான செயலி. பார்க்க, திருப்ப, பேச, தானே புதுப்பித்துக்கொள்ள. எல்லாமே நான் கொடுத்தவை. பிள்ளை பிறந்த மூன்றாம் நாள்.

எங்கள் வீட்டில் முப்பது நாள் தீட்டு. அது கழியும்வரை உறவுக்காரர்கள் பிள்ளையைப் பார்க்க வரக்கூடாது. கணவரின் பெரியப்பாவுக்குப் பொறுக்கவில்லை. "வீட்டுக்கு வந்தாத்தானே தீட்டு? டிவில பாத்தா என்ன லா?" என்றார். திரிங்காப்பில் அவர் வீட்டு டிவியில் படம் தெரிய ஏற்பாடு செய்தேன். படுத்தபடியே, பால் கொடுத்தபடியே, வந்த கேள்விக்கெல்லாம் சரி என்று அமுக்கினேன். முப்பதாம் நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றி, வீட்டைக் கழுவி, எல்லோரும் நேரில் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அதோடு அந்த டிவி ஏற்பாடும் முடிந்தது என்று என் மனதுக்குள் ஒரு கணக்கு.

பெரியப்பாவை அழைத்தேன்.

"அந்த டிவியா? புதுசு வாங்கினதும் தோட்டத்து ஆளுங்க தங்குற கொங்சிக்குக் குடுத்துட்டேன்மா. அவனுங்களும் போய்ட்டானுங்க. டிவியையும் லோரில ஏத்திக்கிட்டுக் கோலா தெர்லா பக்கம் போனதாச் சொன்னாங்க. ஏன், உனக்கு வேணுமா?"

வேண்டாம் என்றேன். செயலியை ரத்து செய்தேன். உடனே அக்காவை அழைத்து, பிள்ளையைத் தன் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போகச் சொன்னேன்.

"வயரப் புடுங்கிடவா?"

"வேணாம் அக்கா. புடுங்கிட்டா அது செத்துச்சா இல்லையான்னு எனக்குத் தெரியாது."

"எது சாவணும்? காலங்காத்தால பேசுற பேச்சா இது!"

அவர் பிள்ளையோடு வெளியே போவது திரையில் தெரிந்தது. கேமரா அவர் பின்னாலேயே கதவுவரை திரும்பியது.

ரத்து செய்தால் இனிமேல் புதுப்பிக்க முடியாது, அவ்வளவுதான். ஏற்கெனவே கையிலிருக்கும் டோக்கன் தன் நேரம் முடியும்வரை செல்லும். அந்த நேரம் முழுக்க ஆளில்லாத என் வீட்டை நானும் அந்த ஆளும் ஒரே கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தோம். படம் தொட்டிலுக்குப் போனது. பாய்க்குப் போனது. மறுபடி தொட்டில். "ச்சு, ச்சு" என்று மெதுவாக ஒரு சத்தம். பிறகு படம் கதவில் வந்து நின்றது.

நான் கேமராவைச் சுவர்ப்பக்கம் திருப்பினேன். சில நொடிகளில் அது கதவுக்கே திரும்பிப் போனது. மறுபடி திருப்பினேன். மறுபடி கதவு. அதன்பின் ஒரு குரல் கேட்டது. ஆணா பெண்ணா என்று பிரிக்க முடியாத அளவுக்குத் தணிந்த குரல். எனக்குத் தெரியாத மொழி. கேள்வி என்பது மட்டும் புரிந்தது. பேசும் பொத்தான்மேல் என் விரல் இருந்தது. திட்டவா, பிள்ளை நன்றாகத்தான் இருக்கிறாள் என்று சொல்லவா? விரலை எடுத்துவிட்டேன்.

பதினொன்று ஆகப்போகும்போது மறுபடி சுவர்ப்பக்கம் திருப்பினேன். இந்த முறை அது அங்கேயே நின்றது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம். வெறும் சுவர். அதன்பிறகும் நெடுநேரம், அது திரும்பிவிடும் என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.