சப்பாத்துக்குள் கிடந்த பிறேஸ்லெற்

பனிநாட்டு நகர்ப்பகுதியான மல்வேர்னில் வசிக்கும் நாங்கள் கோஸ்ட ரிக்காவின் தலைநகரான சான் ஹோசேக்குச் சுற்றுலா போனோம். வாடகை வீட்டு வாசலில், வழக்கம்போல, சப்பாத்துகளை வெளியே கழற்றினோம்.

"இஞ்சாருங்கோ, உள்ளுக்கை எடுத்து வைப்பமோ?" என்றேன்.

"இது பெரிய சிற்றியப்பா, காடே?" என்றார் கணவர்.

காலையில் மகள், "அம்மா, என்ர சப்பாத்துக்குள்ளை வடிவான பிறேஸ்லெற்!" என்று கை நீட்டினாள். சிவப்பு, மஞ்சள், கறுப்பு வளையங்கள். அவை நெளிந்தன. அவளை நான் எப்படிப் பின்னால் இழுத்தேன் என்பதுகூட நினைவில்லை. ஓடிவந்த வீட்டுக்காரப் பெண், கொடிய நஞ்சுள்ள பாம்பு என்றாள். சப்பாத்தை யாராவது வெளியே விடுவார்களா என்றும் கேட்டாள்.

இப்போது பனி கொட்டும் மல்வேர்னில், பதினோராம் மாடியில், சப்பாத்தைத் தட்டாமல் நான் கால் வைப்பதில்லை. மகளுடையதைத் தட்டப் போனால், கணவர் ஏற்கெனவே தட்டிக் கவிழ்த்து வைத்திருக்கிறார்.